நிற்காமல் ஆடும் நரகாசுரன்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 31, வியாழக்கிழமை. நமக்குத் தீபாவளி. மேல்நாட்டுக்காரர்களுக்கு ஹாலோவீன். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததால் பேரங்காடிகள் திண்டாடிப் போயின. ஒரு தூணில் மாவிலைத் தோரணம், அடுத்த தூணில் சிலந்தி வலை. முறுக்கு டின்களுக்குப் பக்கத்திலேயே ஆள் உயர எலும்புக்கூடு நின்றது. நாம் அருகே போனதும் கண் சிவந்து, கையைத் தூக்கி, 'ஹா ஹா' என்று சிரித்துவிட்டு 20 விநாடியில் அடங்கிவிடும்.

அந்த எலும்புக்கூடுகளில் ஒன்றைத்தான் என் மாமா வாங்கி வரச் சொன்னார். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அந்த ஆண்டு முடிவில் ஓய்வு. ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, லயத்து வீட்டில் அதுவே கடைசித் தீபாவளி. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூடா?" என்றார். மாமா அட்டையில் ஒரு கிரீடம் வெட்டினார், கறுப்புக் கம்பளி நூலில் மீசை ஒட்டினார், ஒரு தகர கதையைக் கையில் கட்டினார். எலும்புக்கூடு நரகாசுரன் ஆனது. இது ஒன்றும் புதுமை அல்ல. இந்தியாவில் கோவா மாநிலத்தில் தீபாவளிக்கு முந்திய இரவு தெருவுக்குத் தெரு நரகாசுரன் பொம்மை செய்து, விடிவதற்குள் எரித்துவிடுவார்கள். தலையும் கையும் அசைகிற பொம்மைகளும் அவற்றில் உண்டு.

அத்தை சமாதானமானதும் மாமா அடுத்த நிபந்தனையைப் போட்டார். "மாப்ளே, இது ஆள் வந்தாத்தான் ஆடும்னா வேணாம். சாயங்காலம் பூரா ஆடிக்கிட்டே இருக்கணும்."

காரணம் பக்கத்து வீட்டுப் பாட்டி. கொழுந்து பறித்துக் காலம் தள்ளியவர். எண்பது வயது தாண்டிவிட்டது. தினமும் ஆறு மணிக்கு அத்தையிடம் பேச வருவார். மலையில் அக்டோபர், நவம்பர் மழைக்காலம். படியெல்லாம் பாசி. இருட்டில் ஒரு உருவம் திடீரென்று கையைத் தூக்கிக் கத்தினால் பாட்டி பின்வாங்குவார், வழுக்கி விழுவார். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிற பேய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது மாமாவின் கணக்கு.

கேட்கச் சுலபம். இந்தப் பொம்மைகளோ காத்திருப்பதற்காகவே செய்யப்பட்டவை.

முதலில் எந்த வகை சென்சார் என்று பார்க்க வேண்டும். பொம்மையின் நெஞ்சிலோ பீடத்திலோ பால்நிறத்தில் சின்னக் குமிழ் இருந்தால் அது உடல் வெப்பத்தைப் பார்ப்பது. பயறு அளவில், மேலே நெளிநெளியாகக் கோடு தெரிந்தால் வெளிச்சத்தைப் பார்ப்பது. நிழல் விழுந்தால் ஆடும். பொத்தான் மாதிரி சின்ன உலோகக் குப்பி என்றால் ஒலிவாங்கி. கை தட்டினால் போதும்.

எங்கள் நரகாசுரனுக்குப் பால்நிறக் குமிழ். இந்த வகை வேலை செய்யும் விதம் அழகானது. நம் உடம்பு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. குமிழுக்குள் அதை உணரும் இரண்டு சிறு துண்டுகள், ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் சமமாகக் கதிர் விழுந்தால் கணக்கு நேராகி, ஒன்றும் நடக்காது. ஆள் நடக்கும்போது ஒன்றில் கூடும், மற்றதில் குறையும். அந்த வித்தியாசம்தான் சைகை. குமிழின் மேல் தெரியும் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நாம் தாண்டும்போதெல்லாம் பொம்மைக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பிளந்து அசையாமல் பார்த்தால் பொம்மை நின்றுவிடுகிறது. யாருமே இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது!

இன்னொன்றும் உண்டு. பகல் வெயிலில் கிள்ளானில் சுவரும் தரையும் கிட்டத்தட்ட நம் தோலின் சூட்டில் இருக்கும். பின்னணிக்கும் ஆளுக்கும் வேறுபாடு குறைவதால் சென்சார் தடுமாறும். கேமரன் மலையில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மனிதன் நெருப்புத் துண்டாகத் தெரிவான். ஆனால் பனிமூட்டம் அடர்ந்தால் கதை மாறும். நீர்த்துளிகள் அந்தக் கதிரை விழுங்கிவிடும், குமிழின் மேல் ஈரம் படியும். முதல் நாள் மாலை நரகாசுரன் நாய் போனாலும் ஆடினான். மூட்டம் இறங்கிய மறுநாள், மாமா முன்னால் குதித்தும் கண்டுகொள்ளவில்லை.

சென்சாரை நம்புவதில்லை என்று முடிவானது. பெட்டியைப் பிரித்தபோது ஒரு மெல்லிய வயரும் அதன் நுனியில் பொத்தானும் வெளியே தொங்கியது. கடையில் வாங்குபவர் அமுக்கிப் பார்ப்பதற்காக வைப்பது. பெரும்பாலான பொம்மைகளில் இது இருக்கும். சிலவற்றில் மிதி அட்டை செருகுவதற்கு ஒரு துளையும் இருக்கும். பொத்தான் செய்வது ஒன்றுதான்: இரண்டு கம்பிகளை ஒரு கணம் சேர்த்துவிடுவது. அந்த வேலையை வேறு யாராவது செய்தால் சென்சார் தேவையே இல்லை.

அந்த வேறு யாரோ ஒரு டைமர் ரிலே. மின்னணு உதிரிப் பாகக் கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவுப் பலகை. இத்தனை விநாடி சேர்ந்திரு, இத்தனை விநாடி பிரிந்திரு என்று இரண்டு நேரம் வைக்கலாம். கைப்பேசி சார்ஜரிலேயே ஓடும் வகை உண்டு. பொத்தானின் இரு கம்பிகளை ரிலேயின் இரு முனைகளில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பொம்மையின் உள் பலகையைத் தொடவேண்டிய அவசியமில்லை.

மாமா முதலில் 20 விநாடிக்கு ஒரு முறை என்று வைத்தார். ஆட்டம் முடியும், உடனே தொடங்கும். கிட்டத்தட்ட நிற்காத ஆட்டம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முதுகுப் பக்கம் பிளாஸ்டிக் வாடை. தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "ரோலர் மோட்டார் ராவு பகலா ஓடும்னா, அதுக்குன்னு செஞ்சது. இது விளையாட்டு மோட்டார். மூச்சு விட நேரம் குடுக்கணும்" என்றார். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தும் யந்திரங்களோடு வாழ்ந்தவர் பேச்சு. பொம்மைக்குள் இருப்பது சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும்தான். சூடேறினால் முதலில் பல் உதிரும். நேரத்தை 60 விநாடிக்கு ஒன்று என்று மாற்றினார். 20 விநாடி ஆட்டம், 40 விநாடி ஓய்வு. அதன் பிறகு சூடு ஏறவில்லை.

நடுவில் ஓய்வு வந்ததும் பாட்டியின் கதி? மாமா ஒலிபெருக்கிக் கம்பியைத் துண்டித்துச் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் பாட்டியையே பகலில் கூப்பிட்டு, பொத்தானைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். பாட்டி நாலைந்து முறை அமுக்கினார். "அறுவது எண்ணுனா ஆடுவான், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை எண்ணிக்கொண்டே படியேறி வந்தார்.

பேட்டரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு 'ஏஏ' பேட்டரி தொடராக இருந்தால் 6 வோல்ட். மோட்டார் அரை ஆம்பியர் இழுத்தால், நல்ல அல்கலைன் பேட்டரிகூட விடாமல் ஓடிச் சில மணி நேரத்தில் சோர்ந்துவிடும். சும்மா காத்திருக்கும் சென்சார் குடிப்பது சொட்டு மின்சாரம்தான். ஆகவே மாலை முழுக்க ஆட வேண்டுமானால் அடாப்டர் நல்லது. வோல்ட் பொம்மைக்குரிய அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. நேர், எதிர் முனை மாறக்கூடாது. இணையத்தில் வாங்கிய அமெரிக்கப் பொம்மையோடு வரும் அடாப்டரைக் கண்ணை மூடிக்கொண்டு செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், நம் வீட்டில் 230. அடாப்டரில் '100-240' என்று அச்சிட்டிருக்கிறதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மழையில் நனையும் வாசலுக்கு 6 வோல்ட் கம்பி மட்டும் போகட்டும். மாமா இதில் மட்டும் யாரையும் பேச விடவில்லை.

நான் தனியாக ஒரு சின்ன மண்டையோடு கொண்டு போயிருந்தேன். அது ஒலிவாங்கி வகை. அதற்கு ரிலே எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி போதும். எங்கள் நிலையத்தையே வைத்தேன். பாட்டுக்கு ஆடியது, செய்திக்கு ஆடியது, விளம்பரத்துக்கு வெறிபிடித்து ஆடியது. இரண்டு பாட்டுக்கு நடுவே மௌனம் விழுந்தால் மட்டும் நிற்கும். அந்த மௌனத்தை எங்கள் தொழிலில் பெரும் குற்றமாக நினைப்போம். பிள்ளைகளோ மண்டையோடு எப்போது நிற்கும் என்று காத்திருந்து, நின்றதும் கூச்சல் போட்டார்கள். வெளிச்சம் பார்க்கும் வகையாக இருந்தால் எதிரே மினுக்கும் தீபாவளி விளக்குச் சரத்தைத் தொங்கவிட்டால் ஆடும்.

போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கியது, பாரத் 1933-இல். அந்தக் காலம் தொட்டு இந்த மலையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தீபாவளி கொண்டாடியிருக்கின்றன. மாமாவின் லயத்தில் இப்போது விளக்கெரியும் தமிழ் வீடுகள் குறைவு; மற்ற கதவுகளில் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள். அவர்களும் தீபாவளிக்கு முந்திய இரவு வாசலுக்கு வந்து நின்று நரகாசுரனைக் கைப்பேசியில் பிடித்தார்கள். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும், கடைசிப் பேத்தி செருகியைப் பிடுங்கினாள். கை பாதியில் நின்றது. அதுதான் வதம்.

எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் அடுத்த ஆண்டுக்குள் கசிந்து முனைகளை அரித்துவிடும். மலை ஈரத்தில் துணியும் பூசணம் பிடிக்கும். நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு மூடி வையுங்கள்.

மாமா இப்போது தாப்பாவில், மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். நரகாசுரனும் அங்கேதான். போன வாரம் அழைத்து, சிரிப்புச் சத்தத்துக்கான கம்பியை மறுபடியும் இணைத்துவிட்டதாகச் சொன்னார். டைமரையும் கழற்றிவிட்டாராம். "இங்க பாட்டி இல்லியே மாப்ளே" என்றார்.