மகள் இறைச்சியை விட்டாள்: எங்கள் அடுப்பில் என்ன மாறியது?

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என் மகள், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, "உம்மா, நான் இனி இறைச்சி, மீன், முட்டை, பால் ஒன்றும் எடுக்க மாட்டேன்" என்றாள். என் மாமி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "இதென்ன மகள் புதுப் பழக்கம்? நம்மட ஆக்கள் கேட்டா என்ன சொல்ற?" என்று கேட்டார். என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் புரியாணி வாசம் அவளைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நினைத்தேன். அவள் விடுதிக்குப் போனாள். நான்கு மாதம் கழித்து வந்தபோது முகம் வெளிறி இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. "பார்த்தியா, இறைச்சி இல்லாமல் மனிசன் வாழ முடியுமா?" என்றார் வாப்பா. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மருத்துவர் இறைச்சியைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "மகள் விடுதியில் என்ன சாப்பிடுறீங்க? சாப்பிட்ட உடனே பிளேன்டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார்.

காலையில் பாணும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கரண்டிப் பருப்பும், இரவில் நூடுல்ஸ், ஒவ்வொரு வேளைக்கும் பின்னால் ஒரு பிளேன்டீ. இதுதான் அவளுடைய நான்கு மாதச் சாப்பாடு. இறைச்சியை எடுத்துவிட்ட இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. பிழை அங்கேதான் இருந்தது. அந்தப் பிழையில் பாதி என்னுடையது. வீட்டில் இருந்த நாட்களில்கூட, எங்களுக்குக் கறி ஆக்கிவிட்டு அவளுக்குப் பருப்பை மட்டும் தள்ளிவைத்தவள் நான்தான்.

சமையலுக்குப் போகமுன் ஒரு விடயம். எங்கள் ஊரில் இதைக் கேள்விப்பட்ட சிலர் இரண்டு கேள்வி கேட்டார்கள். முதலாவது, மார்க்கத்தில் இது சரியா? எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் விசாரித்தேன். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்வதுதான் பாரதூரமானது, விருப்பமில்லாத ஒன்றை ஒருவர் சாப்பிடாமல் இருப்பது வேறு விடயம் என்றார். நபி (ஸல்) அவர்கள் ஒரு விருந்தில் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி உண்டதையும், அதைப் பார்த்த அனஸ் (ரழி) அவர்களுக்கும் அன்று முதல் சுரைக்காய் பிடித்துப்போனதையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். மகளும் உழ்ஹிய்யாவைப் பிழை என்று சொல்லவில்லை. இந்த முறையும் அயலவருக்கான பங்குகளைப் பொதி செய்தவள் அவள்தான்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கசப்பானது. "மாடறுப்பதைத் தடுக்கச் சொல்றவங்களுக்கு நாங்களே கை கொடுக்கிறதா?" 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்ததையும், 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியதையும் நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் இந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தட்டில் என்ன இருக்கக்கூடாது என்று இன்னொருவர் சட்டம் போடுவதும், என் மகள் தன் தட்டுக்குத் தானே முடிவெடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதை எதிர்க்கிற உரிமை நமக்கு இருக்கிறது. இரண்டாவதுக்காக ஒரு பிள்ளையை மேசையில் இருந்து எழுப்பிவிடக் கூடாது.

இனி அடுப்புக்கு வருவோம்.

முதலில் சோயா மீட். இதன்மேல் எங்களுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. மாதக் கடைசியில், கையில் காசு இல்லாதபோது ஆக்குகிற கறி அது. 2022இல் எத்தனையோ வீடுகளை அதுதான் காப்பாற்றியது, அந்த நினைவாலேயே சிலருக்கு அதைக் கண்டால் பிடிக்காது. விருந்தாளி வந்தால் சட்டியை மறைக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் பொருளைப் பாருங்கள். சோயா அவரையில் இருந்து எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் மாவைத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் சிறு துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வரும்போது அது பொங்கி, உள்ளே நார் நாராகிவிடும். உலர்ந்த சோயா மீட்டில் ஏறத்தாழப் பாதி புரதம். மைசூர்ப் பருப்பிலே நான்கில் ஒரு பங்குதான். ஊறவைத்தால் சோயா தண்ணீரைக் குடித்து மூன்று மடங்காகும், அதனால் தட்டுக்கு வரும்போது அந்த அளவு குறையும். அப்படியிருந்தும் இந்த விலைக்கு இவ்வளவு புரதம் தரும் வேறு பொருள் நம் கடைகளில் குறைவு.

அது ருசியாக இல்லை என்றால் பெரும்பாலும் ஆக்குகிற முறைதான் காரணம். பொதியை வெட்டி நேரே குழம்பில் போட்டால் சோயாவின் பச்சை வாசம் போகாது. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, கை பொறுக்கிற சூட்டில் நன்றாகப் பிழிய வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி மீண்டும் பிழிய வேண்டும். பஞ்சு போலத் தண்ணீரில்லாமல் இருந்தால்தான் அது மசாலாவைக் குடிக்கும். பிறகு இஞ்சி, உள்ளி, மிளகு, வறுத்த கறித்தூள், தேசிக்காய்ப் புளி சேர்த்து அரை மணிநேரம் வைத்து, கொஞ்ச எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். வெங்காயம், றம்பை, கறிவேப்பிலை, கறுவா, ஏலம் எல்லாம் நீங்கள் இறைச்சிக் கறிக்குப் போடுவது போலத்தான். கெட்டிப் பாலைக் கடைசியில் விடுங்கள். சில பொதிகளுக்குள் சுவைத்தூள் பக்கற் ஒன்று இருக்கும். அதில் என்ன சேர்ந்திருக்கிறது, ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். நான் அந்தத் தூளை எறிந்துவிடுகிறேன், உப்பு அதிகம்.

ஆனால் எங்கள் வீட்டில் மாமியின் மனதை மாற்றியது சோயா அல்ல, பொலொஸ். இளம் பலாக்காய். கண்டி, மாவனல்லைப் பக்கம் வளர்ந்த எவருக்கும் இது புதிதல்ல. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் நாடெங்கும் பலாமரம் நடச்சொல்லி இயக்கமே நடத்தி 'கொஸ் மாமா' என்று பெயர் வாங்கினார். அந்த மரங்களின் வாரிசுகள் இன்றும் நம் வளவுகளில் நிற்கின்றன. வெளிநாட்டில் இப்போது பலாக்காயைத் தகரத்தில் அடைத்து இறைச்சிக்குப் பதில் என்று விற்கிறார்கள். இங்கே அது மரத்தில் இருந்து விழுந்து அழுகுகிறது.

கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டும். கருக்காமல் இருக்க மஞ்சள் கலந்த தண்ணீரில் துண்டுகளைப் போடுங்கள். மண்சட்டியில் கொறக்கா, வறுத்த கறித்தூள், மிளகு, கறுவா, கராம்பு, தண்ணிப் பால் சேர்த்து மூடி, சிறு தீயில் இரண்டு மணிநேரம் விடுங்கள். அவசரப்பட்டால் வராது. நன்றாக வெந்த பொலொஸை விரலால் அழுத்தினால் இறைச்சி போல இழையிழையாகப் பிரியும். அப்படிப் பிரித்து, மிளகும் வெங்காயமும் சேர்த்துப் பிரட்டினால் கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் உள்ளீடு தயார். முட்டையில் தோய்ப்பதற்குப் பதிலாகக் கோதுமை மாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டினால் போதும். நோன்பு காலத்தில் இப்தாருக்கு நாற்பது ரோல்ஸ் செய்தேன். பக்கத்து வீட்டு ராத்தா மாட்டிறைச்சி என்றே நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, சொன்னபோது நம்பவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொலொஸ் இறைச்சியின் பிடியைத் தரும், புரதத்தைத் தராது. நூறு கிராமில் இரண்டு, மூன்று கிராம்தான். காளானும் வாழைப்பூவும் ஈரப்பலாக்காயும்கூட இப்படித்தான். அதனால் பொலொஸ் கறி வைக்கிற நாளில் பக்கத்தில் பருப்போ, கௌபியோ, கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும். என் மகள் விடுதியில் விட்ட பிழை இதுதான்.

மறைந்திருக்கும் பொருட்களையும் பார்க்க வேண்டும். நம் சமையலில் மாசி இல்லாத இடம் எது? சம்பலில் மாசி, கத்தரிக்காய்ப் பிரட்டலில் மாசி, சில வீடுகளில் கீரைச் சுண்டலிலும் மாசி. மாசியை எடுத்துவிட்டால் ருசியில் ஒரு பள்ளம் விழும். வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாகப் பொரித்துச் சேர்த்துப் பார்த்தேன், காளானைக் காயவைத்து இடித்துச் சேர்த்தும் பார்த்தேன். இரண்டாவது நன்றாக இருந்தது. புரியாணிச் சோற்றில் நெய் இருக்கும், அதை எண்ணெயாக மாற்றினேன். வட்டிலப்பத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். முட்டை இல்லாமல் கித்துள் கருப்பட்டியையும் தேங்காய்ப்பாலையும் கடற்பாசியில் இறுக்கினால் நல்ல ஓர் இனிப்பு வருகிறது, ஆனால் அது வட்டிலப்பம் இல்லை. மாமி அதற்கு வேறு பெயர் வைக்கச் சொன்னார்.

கடற்பாசி என்றதும் ஒன்று தோன்றுகிறது. ஜெலட்டின் எதில் இருந்து வந்ததோ என்ற பயத்தில் நாம் எத்தனையோ காலமாகக் கடற்பாசியில்தான் இப்தார் இனிப்பைச் செய்கிறோம். விலங்கில் இருந்து வருவதற்குப் பதிலாகத் தாவரத்தில் இருந்து வருவதைத் தேடுவது நமக்குப் பழகிய வேலைதான், பெயர்தான் புதிது.

சீஸுக்கும் இந்தக் கதை பொருந்தும். பாலைத் திரைய வைக்கச் சேர்க்கும் ரெனட் என்ற நொதியம் மரபாகக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கப்பட்டது. கன்று எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி அதனால்தான் நமக்கு எழுந்தது. நுண்ணுயிர்களில் இருந்து பெறும் ரெனட்டும் இருக்கிறது. கன்றின் நொதியத்தையே நுண்ணுயிர் மூலம் தயாரிக்கும் முறைக்கு 1990இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, இன்று தொழிற்சாலைச் சீஸில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. எப்படியும் பொதியைப் படிக்காமல் சீஸ் வாங்காத சமூகம் நாம்.

மகளுக்குப் பிடித்தது சீஸ் கொத்து. கஜுவில் முயற்சி செய்தேன். அரைக் கோப்பை கஜுவை நான்கு மணிநேரம் ஊறவைத்து, ஒன்றேகால் கோப்பைத் தண்ணீர், ஒரு பல் உள்ளி, உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, நான்கு மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச் சேர்த்து மிகவும் மையாக அரைக்க வேண்டும். தண்ணீராகத்தான் இருக்கும். பயப்படாமல் அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். சில நிமிடத்தில் கட்டி கட்டியாகி, திடீரென்று இழுபடும் பதத்துக்கு வரும். ஸ்டார்ச்தான் அந்த இழுவையைத் தருகிறது. மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் சவ்வரிசியை மாவாக இடித்துக்கொள்ளலாம். பாற்கட்டியின் ருசியா என்றால் இல்லை. ஆனால் சூடான கொத்தின்மேல் ஊற்றினால் யாரும் மீதம் வைப்பதில்லை. கஜு விலைக்கு இதைத் தினமும் செய்ய முடியாது, மாதம் ஒருமுறை போதும்.

கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுகளில் இறக்குமதி செய்த தாவரச் சீஸும் பேர்கரும் இருக்கின்றன. ஒருமுறை வாங்கினோம். அந்தக் காசுக்கு ஒரு வாரம் பருப்பும் சோயாவும் ஆக்கலாம். பல தாவரச் சீஸ்கள் தேங்காயெண்ணெயும் ஸ்டார்ச்சும் சேர்ந்தவை, புரதம் மிகக் குறைவு. தாவரம் என்பதாலேயே உடலுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எடுக்கும் என் கணவருக்காக இப்போது பல கறிகளை முதற்பால் இல்லாமலே இறக்குகிறேன்.

இனி மகளின் இரத்தத்துக்கு வருகிறேன். பருப்பு, கௌபி, கீரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு, ஆனால் இறைச்சியில் உள்ளது போல அது இலகுவில் உடலில் சேராது. தேசிக்காய், கொய்யா, தக்காளி போன்ற விட்டமின் சி உள்ளவற்றோடு சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். எனவே சாப்பாட்டுக்கும் பிளேன்டீக்கும் இடையில் ஒரு மணிநேரமாவது விடவேண்டும். எங்கள் வீட்டில் மிகக் கடினமான மாற்றம் இறைச்சி இல்லை, இந்தத் தேநீர்தான்! விட்டமின் பி12 வேறு கதை. அதைத் தாவர உணவில் நம்பியிருக்க முடியாது. முற்றாகத் தாவர உணவுக்கு மாறியவர்கள் அதை மாத்திரையாகவோ, பி12 சேர்க்கப்பட்ட உணவாகவோ எடுத்தே ஆகவேண்டும். உடலில் உள்ள சேமிப்பு சில வருடங்களுக்கு வரும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது, தெரியவரும்போது நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். சிறு பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார் விடயத்தில் மருத்துவரிடமோ குடும்பநல மாதுவிடமோ கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையும் இந்தச் சாப்பாடுமாக ஐந்து மாதம் போனது. அல்ஹம்துலில்லாஹ், இரத்தம் சரியான அளவுக்கு வந்திருக்கிறது. பி12 மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கிறாள். வாப்பா இன்னும் இறைச்சி சாப்பிடுகிறார், நானும்தான். வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்கும் ஒரே சட்டி.

ஒன்றுதான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. நம் கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறோம். போன வருடம் உறவினர் வலீமாவில் என் மகள் சுவரோரக் கதிரையில் தனியாக இருந்து அன்னாசித் துண்டு சாப்பிட்டாள். ஐந்து பேர் இருந்த சஹனில் அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு ஒரு பிடி இறங்கவில்லை.

வருகிற மாதம் என் நாநாவின் மகனுக்கு நிக்காஹ். சமையல்காரரைக் கூப்பிட்டு, நெய்யில்லாத சோறு, பொலொஸ் புரியாணி, பிரட்டிய சோயா, மாசி போடாத கத்தரிக்காய், மலே அச்சாறு என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். "ஒரு சஹன் போதும்தானே?" என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் உள்ளே இருந்து மாமியின் குரல் வந்தது: "மூன்று போடச் சொல்லு. நானும் அதிலதான் இருப்பேன்."