எந்த ரோபோ நல்லது?

வட்டக்கோட்டைப் பெரியவர் ஒருவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், வெளியே பரவவில்லை. “ரோபோ ஆபரேஷன்னு சொல்லுதாங்க. எந்த மிஷின் கொள்ளாம் வைத்தியரே?” என்றார்.

அமெரிக்காவின் ‘டாவின்சி’ 2000-லேயே அங்கு அனுமதி பெற்றது. டாக்டர் அதில் முகம் பதித்துப் பார்ப்பார். நம் நாட்டு ‘மந்த்ரா’ 2022-ல் வந்தது. 3டி கண்ணாடி அணிந்து பெரிய திரையைப் பார்ப்பார். விலையும் குறைவு. இரண்டுமே தானாக வெட்டாது. டாக்டர் கைதான் வெட்டுகிறது!

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோ ஆபரேஷனையும் வயிற்றைத் திறந்து செய்வதையும் ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்தச் சேதம் குறைவு. ஆனால் 2018-ல் வெளியான இரண்டு வருட முடிவில், சிறுநீரை அடக்குவதிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வித்தியாசமில்லை.

“மிஷின் பேரை விடுங்க. ‘இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க, எத்தனை பேருக்கு மூத்திரம் கசிஞ்சுது’ன்னு டாக்டரைக் கேளுங்க” என்றேன்.

“அப்போ உங்க லேகியம்?”

“அது இந்தக் கட்டியைக் கரைக்காது. நாள் கடத்தாம போங்க.”