குங் பாவ் கோழி: சீன வறுவல் நம்ம வீட்டு வாணலியில்

டவுனில் பாஸ்ட் ஃபுட் கடைப் பலகையில் 'செஸ்வான்' என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ மசாலாப் பொடியின் பெயர் என்று நம் வகுப்பில் பாதிப் பேர் சொல்றாங்க. அது மசாலா இல்லை, ஊர். சீனாவின் தென்மேற்கே இருக்கும் சிச்சுவான் மாகாணம்தான் நம்ம கடைப் பலகையில் செஸ்வான் ஆகிவிட்டது. காரச் சாப்பாட்டுக்குப் பேர்போன அந்த மாகாணத்தின் கோழி வறுவல் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் பெயர் குங் பாவ் சிக்கன். அமெரிக்காவில் சீனக் கடைகளில் பார்சல் வாங்குகிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த பெயர் இது.

டிங் பாவோசென் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1820-ல் பிறந்து 1886-ல் இறந்தவர். கடைசிக் காலத்தில் சிச்சுவானை ஆண்ட ஆளுநர். அரசர் கொடுத்த பட்டத்தை வைத்து மக்கள் அவரை 'கோங்பாவ்' என்று அழைத்தார்கள். அரண்மனைக் காவலர் என்று அர்த்தம். அவருக்குப் பிடித்த கோழிக்கறி என்பதால் அந்தப் பெயரே கறிக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். 1966 முதல் 1976 வரை சீனாவில் கலாச்சாரப் புரட்சி நடந்தபோது, அரசர் காலத்து அதிகாரியின் பெயர் வேண்டாம் என்று இந்தக் கறிக்கு வேறு பெயர் வைத்தார்களாம். கோழி என்ன பாவம் பண்ணுச்சு!

இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம் ஒன்று. இந்தக் கறியின் உயிரே காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும்தான். இரண்டுமே சீனாவில் தோன்றியவை அல்ல. கொலம்பஸ் 1492-ல் கடல் கடந்து போன பிறகுதான் அவை அமெரிக்கக் கண்டத்தில் இருந்து ஆசியாவுக்கு வந்தன. நமக்கும் அப்படித்தான் வந்தன. கறியில் பிசைகிற மக்காச்சோள மாவும் அங்கிருந்து வந்ததே. சீனா போய்க் கறியாகி, மறுபடி அமெரிக்காவுக்கே பார்சலாகப் போயிருக்கிறது!

சரி, சமையலுக்கு வருவோம். எங்க அம்மா வேலை முடிஞ்சு வர ஏழு மணி ஆகும். அதனால் சாயங்காலம் அடுப்படி என் பொறுப்பு. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். இந்த வறுவல் அடுப்பில் இருப்பது பத்து நிமிஷம்கூட இல்லை. கறியைச் சின்னதாக, ஒரே அளவாக வெட்டுவதால்தான் அப்படி வேகுது. ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று வெட்டினால் சின்னது ரப்பராகும், பெரிசு உள்ளே பச்சையாக நிற்கும்.

எலும்பில்லாத பிராய்லர் கறி அரை கிலோ போதும். நாட்டுக்கோழி இதற்குச் சரிவராது, வேக நேரம் பிடிக்கும். வேர்க்கடலை அளவுக்குச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டி, ஈரம் போகத் துடைத்து, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மக்காச்சோள மாவு இரண்டு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன் விட்டுப் பிசைந்து இருபது நிமிஷம் வைக்கணும். மாவு துண்டைச் சுற்றி மேல்சட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற சாறு வெளியே ஓடாது, அதனால்தான் கடைக் கறி அவ்வளவு மெத்தென்று இருக்கு. சோயா சாஸிலேயே உப்பு நிறைய உண்டு, தனியாக உப்பு போட வேண்டாம்.

கறி வெட்டிய அரிவாள்மணையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெங்காயத்தைத் தொடணும். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். வேகும்போது அவை செத்துவிடும், ஆனால் வெங்காயத்தில் ஒட்டியது அரைவேக்காட்டிலேயே வயிற்றுக்குப் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை விளையாட்டாக எடுக்காதீங்க.

சாறுக்கு ஒரு கிண்ணத்தில் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு டீஸ்பூன், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, மக்காச்சோள மாவு ஒரு டீஸ்பூன், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி கலந்து வைக்கவும். காய்ந்த நீட்டு மிளகாய் பத்தை இரண்டாகக் கிள்ளி விதையை உதறணும். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் நறுக்கணும். தோல் உரித்த வறுத்த கடலை ஒரு கைப்பிடி. இத்தனையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் தீக்குச்சியைத் தொடணும். அடுப்பு பற்றிய பிறகு பூண்டு உரிக்க நேரமே கிடையாது.

இரும்பு வாணலி லேசாகப் புகையும்போது கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி விட்டு மிளகாயைப் போடுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் கருஞ்சிவப்பாக வேண்டும். கரியானால் கசக்கும், நெடியில் வீடே இருமும். ஜன்னலைத் திறந்து வைக்கணும். உடனே பாதிக் கறியை மட்டும் பரப்பி, அரை நிமிஷம் கிளறாமல் விட்டு, பிறகு புரட்டி வதக்கி எடுத்துவிட்டு மீதியைப் போடணும். சீன ஹோட்டல் அடுப்பின் தீ நம் அடுப்பைவிடப் பல மடங்கு. நம்ம அடுப்பில் மொத்தமாகக் கொட்டினால் சட்டி ஆறிப்போய்த் தண்ணீர் விட்டுக் கறி வதங்காது, அவிந்துவிடும். எடுத்து வைத்ததையும் திரும்பப் போட்டு, இஞ்சி பூண்டு சேர்த்து, இருப்பதில் பெரிய துண்டைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் இருக்கக்கூடாது. பிறகு கிண்ணத்துச் சாறை நன்றாகக் கலக்கி ஊற்றணும், மாவு அடியில் தங்கியிருக்கும். பளபளவென்று கெட்டியானதும் வெங்காயத்தாள், கடைசியாகக் கடலை. முன்னாடியே போட்டால் கடலை நமுத்துப்போகும்.

நிறம் பழுப்பாகத்தான் இருக்கும். செக்கச்செவேல் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. கடையில் வருவது பல சமயம் மிளகாயின் நிறம் இல்லை, கலர் பொடி. 2024-ல் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் ரோடமின்-பி போன்ற செயற்கை நிறங்களைப் போடக்கூடாது என்று தடை போட்டது.

நம் ஊரில் கிடைக்காத பொருள் சிச்சுவான் மிளகு மட்டும்தான். அது காரம் இல்லை, நாக்கை மரத்துப்போக வைத்து விறுவிறு என்று அதிர வைக்கும். 2013-ல் வந்த லண்டன் ஆய்வு ஒன்றில், அதைத் தடவிய உதட்டில் நொடிக்கு 50 தடவை அதிர்வது போல உணர்ந்திருக்கிறார்கள். எலுமிச்சைச் செடி நோய் பரவும் என்று பயந்து 1968 முதல் 2005 வரை அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுவரவே தடை இருந்தது. காரணம், பெயர்தான் மிளகு, அது எலுமிச்சைக் குடும்பம். நம்ம கறிவேப்பிலையும் வில்வமும் அதே குடும்பம்தான், தாவரவியல் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

சூடான வெறும் சோற்றோடு சாப்பிடணும். எங்க அம்மா முதல் தடவை "குழம்பு எங்கடி?"ன்னு கேட்டாங்க. இதுக்குக் குழம்பு கிடையாது. மிளகாயைக் கடிக்காதீங்க, அது வாசனைக்குத்தான். சீனாக்காரர்களும் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி