பார்வையற்ற சிறார்க்கான புலன் உதவிக் கருவிகளின் சோதனை

பார்வையற்ற சிறார்க்கான புலன் உதவிக் கருவிகள் என்பவை, கண் வழியாகக் கிடைக்க வேண்டிய செய்தியைக் காதுக்கோ தோலுக்கோ மாற்றித் தருபவை ஆகும். ஒரு கருவி ஆய்வகத்தில் இயங்கினால் மட்டும் போதாது. குழந்தையின் அன்றாட வாழ்வுக்கு அது உதவுகிறதா என்பதைச் சோதித்தே அறிய முடியும்.

பின்னணி

மேலப்பாளையத்தை அடுத்த பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய பள்ளிகளின் அடிப்படைக் கருவி பிரெயில். ஆறு புள்ளிகளால் 63 வடிவங்களைத் தரும் இம்முறையை உருவாக்கிய லூயி பிரெயில் 1852-ல் மறைந்தார். பார்வையுள்ள ஆசிரியர்கள் தாங்களும் படிக்கக்கூடிய புடைப்பு எழுத்தையே விரும்பினர். மாணவர்களோ விரலுக்கு எளிதான புள்ளிகளை விடவில்லை. பாரிஸ் பள்ளி 1854-ல்தான் அதை முறைப்படி ஏற்றது. பயன்படுத்துவோரின் தீர்ப்பே முதன்மையானது என்பதை இது காட்டுகிறது.

சில கருவிகள்

* சோனிக்கைடு: நியூசிலாந்தின் லெஸ்லி கே உருவாக்கிய மீயொலிக் கருவி. எதிரொலியைக் கேட்கும் ஒலியாக மாற்றும். 1970-களில் டி. ஜி. ஆர். பவர் இதனைப் பார்வையற்ற கைக்குழந்தைக்கு அணிவித்துச் சோதித்தார்.
* ஸ்மார்ட்கேன்: டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கி, 2014-ல் வெளியான கருவி. வெள்ளைக் கோலில் பொருத்தப்படும். முழங்காலுக்கு மேல் உள்ள தடைகளை 3 மீட்டர் வரை அறிந்து, அதிர்வால் உணர்த்தும். சென்னை நிறுவனம் ஒன்று இதனைத் தயாரித்தது.
* ஒலி வளையல்: இத்தாலிய ஆய்வாளர்கள் சிறாருக்கென உருவாக்கியது. கை அசையும்போது ஒலிக்கும். தன் கை எங்கே நகர்கிறது என்பதைக் குழந்தை காதால் அறியும்.

சோதனையில் எழும் சிக்கல்கள்

குழந்தை நாள்தோறும் வளர்கிறது. பொருளை நோக்கிக் கை நீட்டக் கற்றால், அது கருவியால் வந்ததா, வளர்ச்சியால் வந்ததா? பவரின் சோதனை குறித்தும் இக்கேள்வி எழுந்தது. எனவே கருவி அணியாத சிறாருடனும் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது காது. மேலப்பாளையம் சந்தை போன்ற நெரிசலான இடத்தில் வண்டி வரும் திசையைக் குழந்தை காதால்தான் அறிகிறது. கருவியின் ஒலி அதை மறைத்தால் உதவியே ஆபத்தாகும். அதிர்வுக் கருவிகளில் இக்குறை குறைவு.

அமைதியான அறையில் பெறும் வெற்றி தெருவுக்குப் பொருந்தாமல் போகலாம். பயிற்சி முடிந்து சில மாதங்களுக்குப் பின்னும் குழந்தை தானாகவே கருவியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புகிறதா என்பதே முடிவான சோதனை.