அடைக்கலம்: கிறித்தவம் காட்டும் இறைமன்னிப்பு

முன்னுரை

வெள்ளாற்றங்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காட்டிற்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தை அடுத்து ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) அங்குத் தங்கித் தேவாலயம் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். அக்கோயிலுக்குரிய மரியன்னையை 'அடைக்கல மாதா' என அழைத்தார். 'தேம்பாவணி'யை 3615 பாடல்களில் பாடிய அப்பெருமகனார், இவ்வூரின் மீது 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்னும் சிற்றிலக்கியத்தையும் படைத்தார். மக்காக் கலம்பகமும் மதீனாக் கலம்பகமும் கண்ட நமக்கு இவ்வகை அன்னியமன்று. அண்டை ஊரில் வழங்கும் 'அடைக்கலம்' என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பாவிகளிடம் இறைவன் காட்டும் அன்பைக் கிறித்தவம் எவ்வாறு உணர்த்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனதை எண்ணி மாதரி தீயில் வீழ்ந்து உயிர்விடுகிறாள். அங்கு அடைக்கலப் பொருளாக நின்றவள் குற்றமற்றவள். கிறித்தவத் தமிழோ குற்றமுடையோனையும் அச்சொல்லுக்குள் அழைத்தது. செல்ல இடமின்றி, சொல்ல நியாயமுமின்றி வந்து நிற்பவனுக்கும் புகலிடம் உண்டு என்பதே அதன் புதுப்பொருள். கத்தோலிக்கர் மரியன்னையைத் தமக்காகப் பரிந்து பேசுபவராகக் கருதுகின்றனர். மன்னிப்பவன் இறைவனே என்பது அவர்தம் கொள்கை.

மூன்று உவமைகள்

இக்கொள்கையின் ஊற்றுக்கண் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரமாகும். வரிதண்டுவோரோடும் பாவிகளோடும் இயேசு உணவருந்துவதைக் கண்டு சமய அறிஞர்கள் முணுமுணுத்தனர். அதற்கு விடையாக அவர் மூன்று கதைகளைக் கூறினார். நூறு ஆடுகளில் ஒன்று தொலைய, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அதனைத் தேடிச் செல்கிறான் மேய்ப்பன். பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்று தொலைய, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள் ஒரு பெண். ஆடாவது கத்தும், காசு கத்தவும் அறியாது. தொலைந்ததை அறியாத பொருளையும் உடையவர் தேடுகிறார் என்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது கதை ஊதாரி மைந்தனுடையது. தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டு வாங்கிய இளையவன், தொலைநாடு சென்று அனைத்தையும் அழிக்கிறான். பஞ்சம் வந்தபோது பன்றி மேய்க்கும் வேலையே அவனுக்குக் கிடைக்கிறது. யூத மரபில் அது எத்தகைய இழிநிலை என்பதை நம் சமுதாயத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. கூலியாளாகவேனும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டக் கருதி அவன் ஊர் திரும்புகிறான். தொலைவில் வரும்போதே கண்டுகொண்ட தந்தை ஓடிச்சென்று தழுவுகிறார். எண்ணி வந்த சொற்களை அவன் சொல்லி முடிக்குமுன்னே மேலாடை, மோதிரம், காலணி, விருந்து அனைத்திற்கும் ஆணை பிறக்கிறது.

சிலுவையும் சுமையும்

மன்னிப்பின் விலையை இறைவனே ஏற்றான் என்பது கிறித்தவ நம்பிக்கை. அதன் அடையாளமே சிலுவை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். பாவச்சுமையோடு புறப்படும் பயணி, சிலுவையின் அடியில் அச்சுமை நீங்கப் பெறுவதே அக்கதையின் திருப்புமுனையாகும். தம்மைச் சிலுவையில் அறைந்தோரையும் மன்னிக்குமாறு இயேசு இறைவனை வேண்டினார் என்பது நற்செய்தி தரும் செய்தி.

ஒற்றுமையும் வேற்றுமையும்

ஈசா நபியை இறைத்தூதராகப் போற்றும் நாம் இவ்விடத்தில் வேறுபடுகிறோம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பதும், அடியான் இடையீடின்றி அல்லாஹ்விடமே மீளலாம் என்பதும் நம் கொள்கை. இவ்வேறுபாட்டை மறைப்பது நல்லிணக்கமாகாது. எனினும் இரு நெறியும் சந்திக்கும் இடமும் உண்டு. 'தவ்பா' என்னும் அரபுச் சொல்லின் அடிப்படைப் பொருள் திரும்புதல். கிறித்தவத் தமிழ் அதனையே 'மனந்திரும்புதல்' என்கிறது. பாலைவனத்தில் உணவோடும் நீரோடும் ஒட்டகத்தைத் தொலைத்தவன் அதனை மீண்டும் கண்டு அடையும் மகிழ்வினும், அடியானின் தவ்பாவில் அல்லாஹ் பெரிதும் மகிழ்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. தொலைந்த ஆடும் தொலைந்த ஒட்டகமும் ஒரே உண்மையை அருகருகே நின்று பேசுகின்றன அன்றோ! பாவி தனிமையில் இறைவனோடு உரையாடும் 'முனாஜாத்து' என்னும் இலக்கிய வகை தமிழ் முஸ்லிம்களின் கொடை என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

மன்னிப்பு என்பது பாவத்திற்கு உரிமம் அன்று. பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணுதல் ஆகியவற்றோடு, பிறர் உரிமையைப் பறித்திருந்தால் அதனைத் திருப்பித் தருதலும் தவ்பாவின் நிபந்தனையாகும். வரிதண்டுவோனாகிய சகேயு, தான் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான் என லூக்கா நற்செய்தி கூறுவதும் இதற்கு இயைவதே.

மூத்தவனின் வினா

கதை தந்தையின் தழுவலோடு முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்தவன் விருந்தொலி கேட்டுச் சினந்து வாசலிலேயே நிற்கிறான். தந்தை அவனையும் வெளியே வந்து அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறவில்லை. அவ்விடையைக் கேட்போரே தரவேண்டும்.

நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் கடல்கடந்து செல்கின்றனர். பொருளோடு மீள்வோரைப் பயணம் கேட்டு வரவேற்கிறோம். பொருளையும் பெயரையும் இழந்து, ஊர் திரும்ப நாணித் தொலைநாட்டிலேயே மறைந்து வாழ்பவனை எவ்வாறு வரவேற்போம்? தவறிழைத்துப் படிப்பை விட்ட மாணவன் மீண்டும் வகுப்பு வாசலில் வந்து நின்றால் ஆசிரியராகிய நாம் முதலில் கேட்கும் வினா என்ன? இறைவன் மன்னித்துவிட்டவனைத் தெரு மன்னிக்க மறுப்பது எங்கும் காணும் துயரம். தவறாத நாம் பெரும்பாலும் மூத்தவன் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

முடிவுரை

நெறிகள் வேறாயினும், திரும்பி வருபவன்மீது கதவை அடைக்கும் உரிமை மனிதர்க்கு இல்லை என்பதில் இரு நெறியும் உடன்படுகின்றன. ஏலாக்குறிச்சியில் வழங்கும் 'அடைக்கலம்' என்னும் சொல் கோயிலின் பெயராக மட்டும் நின்றுவிடாமல், ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் பொருள் பெறுதல் வேண்டும். மூத்தவர்கள் உள்ளே சென்றாலன்றி விருந்து நிறைவு பெறாது.