முதியோர் இல்லங்களின் பராமரிப்புத் தரத்தை அறிவது எவ்வாறு?

நமது ஊர்களில் 'நர்சிங் ஹோம்' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால், பிரசவமும் சிறு அறுவைச் சிகிச்சைகளும் நடைபெறும் தனியார் மருத்துவமனை என்றே மக்கள் பொருள் கொள்ளுகின்றனர். மேனாடுகளில் அப்பெயர் வேறொன்றைக் குறிக்கும். எழுந்து நடமாட இயலாத முதியோரை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் வைத்துப் பராமரிக்கும் இல்லமே அங்கு நர்சிங் ஹோம் எனப்படுகிறது. நமது நாட்டில் 'முதியோர் இல்லம்' என்று வழங்கும் ஸ்தாபனங்களில் பல, நடமாடும் முதியோரைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் படுக்கையில் வீழ்ந்த பின்னரும் வைத்துக் காக்க வேண்டியவையாக உள்ளன. அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் பராமரிப்பு நன்றாக நடைபெறுகிறதா என்பதைக் குடும்பத்தாரும் ஊராட்சியினரும் தாமே அறிந்துகொள்வது எவ்வாறு என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஓசூரைச் சுற்றிய எல்லைப் பகுதிக்கு இவ்விஷயம் மிகவும் அவசியமானது. 1970ஆம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் இப்பகுதியின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. சூளகிரியிலும் கெலமங்கலத்திலும் தளியிலும் உள்ள குடும்பங்களில் மகன் ஒரு ஷிப்டிலும் மருமகள் மற்றொரு ஷிப்டிலும் வேலைக்குச் செல்வது சாதாரணமாகிவிட்டது. வீட்டில் பெரியவர் இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் கண்டோ படுத்துவிட்டால், பகலிலும் இரவிலும் அருகிலிருக்க ஆள் இல்லை. இதனை அன்பின்மை என்று கூறிவிடுதல் நியாயமாகாது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். அதற்குப் பின்னர் இவ்விகிதம் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

ஆதரவற்ற முதியோரைப் பொது இடத்தில் வைத்துக் காப்பது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கி, பிற்காலத்தில் முதியோர் இல்லமாயிற்று. அக்காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி, கஞ்சி உண்டா, கூரை உண்டா என்பதே. பணம் கொடுத்தும் கொடாமலும் சேர்க்கப்படும் இக்காலத்து இல்லங்களில் அவ்விரண்டும் இருந்தால் மட்டும் போதாது.

இல்லத்தைப் பார்வையிடச் செல்வோர் பெரும்பாலும் கட்டடத்தையே பார்க்கின்றனர். தரையில் பளிங்குக் கல் பதித்திருக்கிறதா, தோட்டம் உண்டா, பூஜை அறை உண்டா என்று கண்டு திருப்தியடைந்து திரும்பிவிடுகின்றனர். மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மதிப்பிடுவது பற்றி அமெரிக்க அறிஞர் அவேடிஸ் டோனபேடியன் 1966ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறைக்கு அடிப்படையாக விளங்குகிறது. இருக்கும் வசதி, நடைபெறும் செயல், அதனால் விளையும் பயன் என்னும் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கட்டடமும் கட்டிலும் ஆட்களும் முதல் வகை. நோயாளியைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் இரண்டாம் வகை. நோயாளியின் உடலும் உள்ளமும் எந்நிலையில் இருக்கின்றன என்பது மூன்றாம் வகை. நமது மக்கள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றனர் என்பதே குறை. மூன்றாவதை அறிய எவ்வித இயந்திரமும் தேவையில்லை. படுக்கையிலுள்ளவரின் முதுகைப் பார்த்தாலே போதும்.

படுக்கைப் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருப்பவருக்கு எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் சிக்கிய தோலுக்கு இரத்தம் செல்வது தடைப்படுகிறது. அவ்விடத்துத் தசை மெல்ல மடிகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களிலேயே இது அதிகம் தோன்றும். முதலில் சிவந்த தடம் காணப்படும். விரலால் அழுத்தினாலும் அச்சிவப்பு மறையாது. நமது மக்களின் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிட அங்குச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று அறிய வேண்டும். அந்நிலையில் கவனித்தால் சில நாட்களில் மாறிவிடும். கவனியாமல் விட்டால் தோல் கிழிந்து குழியாகி, எலும்பு வரை சென்று, இரத்தத்தில் விஷம் பரவி உயிரையே வாங்கிவிடும். இதைத் தடுக்கும் முறை யாவரும் அறிந்ததே: சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், ஈரத் துணியை உடனே மாற்றுதல், தோலைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்தல், புரதம் நிறைந்த உணவு கொடுத்தல். காற்று மெத்தை உதவும். ஆனால் புரட்டுவதற்கு அது ஈடாகாது. மின்சாரம் நின்றபோது காற்று மெத்தையும் வெறும் ரப்பர் விரிப்பே.

இல்லத்தாரிடம், "எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் சரியான விடையே வரும். அதைவிட, பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பக்கவாட்டில் படுத்திருப்பவரைக் கண்டு, ஐந்தரை மணிக்கு மீண்டும் பார்ப்பது மேல்.

எனினும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். புண்ணுடன் வந்து சேர்ந்தவரையும் இல்லத்தில் புண் கண்டவரையும் ஒன்றாகக் கருதலாகாது. மருத்துவமனைகள் கைவிட்டவர்களை ஏற்றுக்கொள்ளும் இல்லத்தில் புண்களும் மரணங்களும் அதிகமாகவே இருக்கும். நடமாடுபவர்களை மட்டும் சேர்த்து, படுத்தவுடன் வீட்டிற்கு அனுப்பிவிடும் இல்லமோ கணக்கில் மிக அழகாகத் தோன்றும். ஆகவே சேரும் நாளில் முதியவரின் எடை, தோலின் நிலை, உண்ணும் மருந்துகள், நடக்கும் திறன் ஆகியவற்றைத் தாளில் எழுதி இரு தரப்பினரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது இன்றியமையாதது. இது குடும்பத்திற்கு மட்டுமன்று, நேர்மையான இல்லத்திற்கும் பாதுகாப்பாகும்.

எடையை மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கோ, ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கோ குறைந்தால் அது கவலைக்குரியது என்பது மருத்துவர் கொள்கை. 50 கிலோ எடையுள்ள அம்மையார் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்ற சமாதானத்தை ஏற்கலாகாது. பற்கள் இல்லையா, விழுங்க முடியவில்லையா, ஊட்டுவதற்கு ஆள் இல்லையா என்று ஆராய வேண்டும். நமது பகுதி முதியோர் பலர் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்கள். மூன்று வேளையும் இட்லியும் வெள்ளைச் சோறும் வைத்தால் தட்டு அப்படியே திரும்பிவிடும். அதேசமயம் பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குன்றியவருக்கு மெல்லாமல் விழுங்கும் களி தொண்டையில் அடைத்து ஆபத்தை விளைவிக்கலாம். அவருக்குக் கூழே தக்கது. தண்ணீர் விஷயமும் அவ்வாறே. முதுமையில் தாக உணர்ச்சி குறைந்துவிடுகிறது. கேட்டால்தான் தண்ணீர் தருவோம் என்றிருக்கும் இடத்தில் பலர் வறண்டு மயங்குவர். தளிப் பக்கத்தில் மார்கழிக் குளிரில் வெந்நீரும் கம்பளியும் உண்டா என்பதையும் கேட்டறிதல் நலம்.

பின்னர், முதியவரைக் கட்டிப்போடுவது. நினைவு தடுமாறியவர் எழுந்து நடந்து விழுந்துவிடுவார் என்று கட்டிலோடு துணியால் கட்டுவதும், தூக்க மாத்திரை கொடுத்து மயக்கத்தில் வைப்பதும் உலகெங்கும் நடந்தவையே. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒழுங்குபடுத்துவதற்காகவோ பணியாளர் வசதிக்காகவோ கயிற்றாலும் மருந்தாலும் கட்டப்படாதிருத்தல் இல்லவாசியின் உரிமை என்று விதித்தது. மனநோய்க்குரிய சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரிடையே மரணத்தை அதிகரிக்கின்றன என்று 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. எனவே பிற்பகலில் கூடம் முழுவதும் அமைதியாக இருப்பதைக் கண்டு மகிழ வேண்டா. மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, எந்த மாத்திரை எதற்காக, எந்த மருத்துவர் எழுதியது என்று கேட்பதே முறை.

ஆட்கள் எத்தனை பேர் என்னும் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க அரசு 2008ஆம் ஆண்டில் ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆய்வாளர் கண்ட குறைகள், பணியாளர் எண்ணிக்கை, முதியோரின் உடல்நிலை ஆகிய மூன்றும் அதற்கு ஆதாரம். ஆனால் பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே எழுதித் தந்தன. அது நம்பத்தக்கதன்று என்னும் குறை எழுந்தது. 2016ஆம் ஆண்டு முதல் சம்பளப் பட்டியலை ஆதாரமாகக் கொண்ட கணக்கே கேட்கப்படுகிறது. நாம் கற்கவேண்டியது இதுவே. வருகைப் பதிவேட்டில் பத்துப் பேர் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்குப் படுக்கைத் துணியை மாற்ற எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. இரவுப் பணியில் ஒருவரே இருந்து, இருபது பேர் படுக்கையில் இருந்தால், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவது இயலாத காரியம் என்பதை எவரும் கணக்கிட்டுக் காணலாம். அப்பணியாளரை நோவதில் பயனில்லை.

மொழியையும் மறக்கலாகாது. நமது எல்லையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. வயல் வேலையிலும் சந்தையிலும் மூன்றையும் கலந்து பேசிய முதியவர், மறதி நோய் முற்றிய பின்னர் தாய்மொழி ஒன்றையே பற்றிக்கொள்வது உண்டு. வடமாநிலத்திலிருந்து வந்த உதவியாளர் எவ்வளவு இரக்கமுடையவராயினும், "நொப்பி" என்று தெலுங்கில் முனகும் பாட்டிக்கு வலிக்கிறது என்பதை அறியாமல் போகலாம்.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகத்து ஆனேக்கல் வட்டம். சில மைல் தூரமே என்று அக்கரையிலுள்ள இல்லத்தில் சேர்ப்போர், மேற்பார்வை மாறிவிடுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கு முதியோர் இல்லங்களைக் கவனிப்பது தமிழ்நாட்டுச் சமூக நலத்துறை. அங்குள்ள இல்லத்தைப் பற்றிய முறையீட்டை அம்மாநிலத்து மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள் துறையிடமே செய்தாக வேண்டும். எனினும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் கோருவதற்கு எல்லை தடையாகாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன்படி, பெற்றோர் வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளைகள் வசிக்கும் மாவட்டத்திலோ தீர்ப்பாயத்தை நாடலாம். மாவட்டத்திற்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்றும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அமைத்தே தீரவேண்டும் என்று அது கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

முறையிட அஞ்சுவதே குடும்பங்களின் பெருங்கஷ்டம். "குறை சொன்னால் அம்மாவை அழைத்துப்போகச் சொல்லிவிடுவார்கள், எங்கே கொண்டு வைப்பது?" என்ற எண்ணத்தால் கண்ட புண்ணையும் மறைத்துவிடுகின்றனர். இவ்விடத்தில்தான் ஊராட்சியும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் உதவ முடியும். தனிக் குடும்பம் கேட்பது சண்டையாகத் தோன்றும். ஊரின் சார்பில் நால்வர் மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, ஒரு மாதம் காலையிலும் ஒரு மாதம் மாலையிலும் சென்று, உறவினர் வருகையே இல்லாத முதியவரின் கட்டிலருகே முதலில் அமர்ந்து பேசினால், அது இயல்பான நலவிசாரணையாகும். குழுவில் ஒரு பெண்மணியாவது இருப்பது அவசியம். பாட்டிமார் தம் உடலைப் பிற ஆடவர்க்குக் காட்டார். சம்மதம் பெறாமல் எவர் உடலையும் பார்க்கலாகாது. படம் பிடித்தல் அறவே கூடாது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழியுண்டா என்பதையும் இல்லத்தில் சேர்க்குமுன் விசாரிக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேயே தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்து தருவதோடு, படுத்தவர்க்கு வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாயிலிலேயே அளிப்பது அதன் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். இல்லத்தில் கொடுமையோ புறக்கணிப்போ கண்டால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியிலும் கூறலாம். முதியவரின் பெயர், இல்லத்தின் முகவரி, கண்ட நாள், சேர்ந்த நாளில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் காரியம் விரைவில் நடைபெறும்.