மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால், காமராஜர் சாலையைத் தாண்டியதும் மணல் தொடங்கிவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் வராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுண்டல் கடை, பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை, ராட்டினம் என எல்லாவற்றையும் கடந்து நடக்க வேண்டும். சில இடங்களில் இந்த மணலின் அகலம் 300 மீட்டருக்கும் மேல்.

150 ஆண்டுகளுக்கு முன் இந்த அகலம் கிடையாது. இன்றைய சாலைக்கு அருகிலேயே அலையடித்தது. மணலைச் சேர்த்தது துறைமுகம்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 புயல் சிதைத்த பிறகும் அதை மீண்டும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர்கள் மணலின் வழியை மறித்தன. தெற்கே கரை வளரத் தொடங்கியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார்.

அந்த வெளி நகரத்தின் பொதுத் திடலானது. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிற்பதும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாகத் திரண்டதும் மெரினாவில்தான். காசு கொடுக்காமல் யாரும் வந்து உட்கார இப்படியோர் இடம் இருப்பது சென்னையின் பேறு.

ஆனால் இங்கே தங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல். துறைமுகத்துக்கு அப்பால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் அரிப்பு கரையைத் தின்றது. குப்பங்களில் வீடுகள் போயின. மிஞ்சிய கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் என்ற கற்சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். ஓரிடத்தில் கட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. மீனவருக்கு மணல் என்பது படகை ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் களம். ஆண்டின் தொடக்க மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் மணல்தான் வேண்டும், கல் உதவாது.

ஆகவே மெரினாவுக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. விடிகாலையில் போங்கள், வெயில் ஏறுமுன் மணல் குளிர்ந்திருக்கும். அலையில் கால் நனைப்பதோடு நில்லுங்கள். திடீரென ஆழமாகி உள்ளிழுக்கும் இந்தக் கடல் நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோயிருக்கிறது. பிறகு சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் போய், மின்சார ரயிலேறி வடக்கே போய், திருவொற்றியூர்க் கரையில் அந்தக் கற்களையும் பாருங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு ஒன்று புரியும்: கடலுக்குள் கட்டும் ஒவ்வொரு சுவருக்கும் வேறொரு கரை விலை கொடுக்கிறது. இனி எந்தத் துறைமுகம் கட்டினாலும், விரிவுபடுத்தினாலும், வடக்கே இருக்கும் குப்பத்து மக்களிடம் முதலில் பேச வேண்டும். அவர்கள் கரைக்கான பொறுப்பைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். மெரினாவை அனுபவிக்கும் நாம்தான் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.